ஜப்பானிய மொழியில் உதவ முன்வருவது: 'மஷோ கா' எப்போது 'செய்யட்டுமா', எப்போது 'செய்யலாமா'?

கேள்வி: "என்-5 தேர்வுக்கு (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை) படிக்கிறேன். 'மஷோ கா' என்பதைப் பாடப்புத்தகம் ஓரிடத்தில் 'சேர்ந்து செய்யலாமா' என்கிறது, இன்னோரிடத்தில் 'நான் செய்து தரட்டுமா' என்கிறது. பேச்சில் எப்படிப் பிரித்தறிவது? அலுவலகத்தில் மேலதிகாரிக்கு உதவ முன்வரும்போதும் இதையே சொல்லலாமா?"

ஆங்கில விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு நேராகத் தமிழிலிருந்து போனால் இதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உதவ முன்வருவதற்கென்றே தமிழில் ஒரு வடிவம் இருக்கிறது: தூக்கட்டுமா, திறக்கட்டுமா, கொண்டுவரட்டுமா. சேர்ந்து செய்ய அழைப்பதற்கு வேறொரு வடிவம்: போகலாமா, சாப்பிடலாமா. நாம் ஒருபோதும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. ஜப்பானிய மொழி இந்த இரண்டையும் 'மஷோ கா' என்ற ஒரே பையில் போட்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தச் சூழலில் எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சொல்லின் நடுவில் வல்லொலி வரும் இடத்தில் 'க்க', 'ச்ச', 'த்த' என்று இரட்டித்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அதை அழுத்தாமல் ஒற்றையாகவே சொல்ல வேண்டும். இது வெறும் உச்சரிப்பு நுணுக்கம் என்று விட்டுவிடாதீர்கள். 'திறக்கட்டுமா' என்பதற்கு 'அக்கெமஷோ கா'. தமிழ் நாக்கு பழக்கதோஷத்தில் நடுவிலிருக்கும் ககரத்தை 'அகம்' என்பதில் வருவதுபோல் மென்மையாக்கிவிட்டால் அது 'அகெமஷோ கா' ஆகி, 'உங்களுக்குத் தரட்டுமா' என்று பொருள் மாறிவிடும். ஜன்னலைக் காட்டி 'தரட்டுமா' என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார். 'கல்' என்று சொல்லும்போது வரும் ககரத்தை நடுவில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், சரியாக வரும். கடைசியில் வரும் 'கா' குறில்தான், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நெடிலாக எழுதுகிறேன். 'ஷோ' மட்டும் உண்மையிலேயே நெடில், அதைக் குறுக்காதீர்கள்.

வடிவம் மிக எளிது. 'மாஸ்' என்று முடியும் வினையில் அந்த 'மாஸ்'-ஐ எடுத்துவிட்டு 'மஷோ கா' சேர்த்தால் முடிந்தது. மொச்சிமாஸ் (தூக்குவது) மொச்சிமஷோ கா ஆகும். தெட்சுதைமாஸ் (வேலையில் உதவுவது) தெட்சுதைமஷோ கா ஆகும். யொபிமாஸ் (கூப்பிடுவது) யொபிமஷோ கா ஆகும். எந்த வினைக்கும் விதிவிலக்கு கிடையாது. 'மின்னா நொ நிஹொங்கொ' புத்தகத்தில் 'சேர்ந்து செய்வோம்' என்ற பொருள் 6-ஆம் பாடத்திலும், உதவ முன்வரும் பொருள் 14-ஆம் பாடத்திலும் வருகின்றன. 'கெங்க்கி' என்ற இன்னொரு பாடப்புத்தகத்தில் முறையே 5, 6. இரண்டையும் தனித்தனிப் பாடங்களில் படிப்பதால்தான் ஒரே வடிவம் இரண்டு வேடம் போடுகிறது என்பது பலருக்குத் தாமதமாகவே உறைக்கிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? அந்தச் செயலைச் செய்யப்போவது யார் என்று பாருங்கள். ஒருவர் கையில் பெரிய பெட்டி இருக்கிறது, நீங்கள் 'மொச்சிமஷோ கா' என்கிறீர்கள். தூக்கப்போவது நீங்கள், பலன் அவருக்கு. எனவே 'தூக்கட்டுமா'. மதிய உணவு நேரத்தில் சக ஊழியரைப் பார்த்து 'இக்கிமஷோ கா' என்றால் இருவருமே போகப்போகிறீர்கள், எனவே 'போகலாமா'. முன்னால் 'இஷ்ஷொ நி' (ஒன்றாக) அல்லது 'சொரொசொரொ' (நேரமாகிவிட்டது என்ற தொனி) வந்தால் 'போகலாமா' என்பது உறுதி. 'வத்தஷி க' (நான்தான் என்ற அழுத்தம்) வந்தால் 'நான் போகட்டுமா'. இங்கே 'க' என்பதைத் 'தங்கம்' என்பதில் வருவதுபோல் சொல்ல வேண்டும். 'வத்தஷி வ' என்று தொடங்காதீர்கள். யார் செய்வது என்ற கேள்வி காற்றில் இருக்கும்போது 'நான் செய்யட்டுமா' என்று முன்வருவது 'வத்தஷி க யரிமஷோ கா'. 'வ' போட்டால் 'மற்றவர்கள் எப்படியோ, என்னைப் பொறுத்தவரை' என்ற சாயல் வந்துவிடும்.

வரும் பதிலும் காட்டிக்கொடுக்கும். அழைப்பு என்றால் பதிலும் அதே அச்சில் வரும்: 'ஏ, இக்கிமஷோ' (ஆமாம், போகலாம்). உதவி என்றால் 'ஒனெகை ஷிமாஸ்' (செய்து கொடுங்கள்) என்று வரும். பெட்டியைத் தூக்க முன்வந்தவரிடம் 'மொச்சிமஷோ' என்று பதில் சொன்னால், 'வாருங்கள், ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம்' என்றதுபோல் இருக்கும்.

ஆனால் 'ட்டுமா' வந்த இடமெல்லாம் 'மஷோ கா' போட்டுவிடவும் முடியாது. தமிழில் 'ட்டுமா'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அனுமதி கேட்பது. 'உள்ளே வரட்டுமா?' 'இந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டுமா?' இவற்றில் பலன் கேட்பவருக்கு. ஜப்பானிய மொழியில் இதற்கு 'தெ மொ ஈ தெஸ் கா' என்ற வேறு அமைப்பு இருக்கிறது: 'ஹைத்தெ மொ ஈ தெஸ் கா' (உள்ளே வரலாமா). எனவே 'ட்டுமா' என்று மனதில் தோன்றியதும் பலன் யாருக்கு என்று ஒரு கணம் பாருங்கள். அவருக்கு என்றால் 'மஷோ கா', எனக்கு என்றால் 'தெ மொ ஈ தெஸ் கா'. தமிழ் பேசுகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. 'தெட்சுதத்தெ மொ ஈ தெஸ் கா' என்று சொல்லி உதவ அனுமதி கேட்பவர்கள் உண்டு. இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனால் கேட்பவருக்கு, உதவுவதில் உங்களுக்கு ஏதோ காரியம் இருக்கிறது போலிருக்கிறது என்று தோன்றும்.

அடுத்த சறுக்கல் 'மசென் கா'. அழைப்பில் 'இக்கிமசென் கா' (வருகிறீர்களா) என்பது 'இக்கிமஷோ கா'வைவிடப் பணிவு என்று படித்திருப்பீர்கள். அது சரி. அந்த நினைப்பில் உதவிக்கும் 'மொச்சிமசென் கா' என்று போட்டால், 'நீங்கள் தூக்கக்கூடாதா?' என்று வேலையை அவர் தலையில் கட்டியதாகிவிடும். 'மசென் கா'வில் செய்ய வேண்டியவர் எதிரில் இருப்பவர். 'தெட்சுதைமசென் கா' என்பதும் உதவி கேட்பதாகவே காதில் விழும்.

ரயிலில் இடம் கொடுக்கும்போதும் இதே கணக்குதான். வயதானவர் ஒருவர் நிற்கிறார், நீங்கள் எழுந்து இடம் தர நினைக்கிறீர்கள். 'உட்காருவது' என்பதற்கு சுவரிமாஸ் என்று தெரியும், எனவே 'சுவரிமஷோ கா' என்று சொல்லத் தோன்றும். உட்காரப்போவது அவர் மட்டும்தானே? 'நான் உட்காரட்டுமா' அல்லது 'நாம் உட்காரலாமா' என்றுதான் அது நிற்கும். அங்கே 'தோஜொ' என்ற ஒற்றைச் சொல் போதும். இன்னும் இதமாக வேண்டுமென்றால் 'யொக்கத்தரா, தோஜொ' (பரவாயில்லை என்றால், உட்காருங்கள்).

இன்னொன்று, 'வேண்டுமா' என்று தொடங்கும் பழக்கம். 'உதவி வேண்டுமா?' 'காபி வேண்டுமா?' என்று வீட்டில் கேட்பதுபோல் 'ஹொஷீ தெஸ் கா' என்று கேட்டால் ஜப்பானியருக்கு அது கூச்சத்தைத் தரும், பெரியவர்களிடம் என்றால் மரியாதைக் குறைவாகவே படும். 'நொமித்தை தெஸ் கா' (குடிக்க ஆசையா) என்பதும் அப்படித்தான். ஒருவருடைய ஆசையை, தேவையை முகத்துக்கு நேரே கேட்டு வாங்குவது அங்கே பழக்கமில்லை. காபிக்கு 'கோஹீ வ இக்கக தெஸ் கா' (காபி சாப்பிடுகிறீர்களா என்று உபசரிக்கும் தொனி), அல்லது 'கோஹீ ஒ இரெமஷோ கா' (காபி போடட்டுமா). இரண்டாவதில் அவருடைய ஆசை பேச்சிலேயே வரவில்லை, உங்கள் செயல் மட்டும்தான் வருகிறது. 'மஷோ கா' பணிவாக ஒலிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த மனப்போக்கு இன்னோர் இடத்திலும் தெரியும். பேச்சில் 'மஷோ கா' பெரும்பாலும் மொட்டையாக வராது. முதலில் கண்ணில் பட்டதைச் சொல்வார்கள், அப்புறம்தான் முன்வருவார்கள். 'ஒமொசோ தெஸ் நெ. மொச்சிமஷோ கா.' (கனமாக இருக்கும் போலிருக்கிறதே. தூக்கட்டுமா?) 'சமுயி தெஸ் நெ. மதொ ஒ ஷிமெமஷோ கா.' (குளிராக இருக்கிறது, இல்லையா? ஜன்னலைச் சாத்தட்டுமா?) இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். உங்களுக்குக் குளிருகிறதா என்று அவரைக் கேட்கவில்லை. குளிரைப் பொதுவாக்கி, இருவருக்கும் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது. அவர் ஒப்புக்கொள்வதும் எளிது, மறுப்பதும் எளிது. 'ஒமொசோ' போன்ற 'சோ' வடிவம் அடுத்த நிலையான என்-4 பாடம்தான், ஆனாலும் ஒரு சொற்றொடராக இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாத 'மொச்சிமஷோ கா' சரியானதுதான், ஆனால் திடீரென்று பின்னால் வந்து பையைப் பிடுங்குவதுபோல் இருக்கும்.

இப்போது மேலதிகாரி விஷயம். 'மொச்சிமஷோ கா' மரியாதை வடிவம்தான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஆசிரியர், மேலதிகாரி, வாடிக்கையாளர் என்று வரும்போது இன்னொரு படி இறங்கிப் பேசுவது வழக்கம்: 'ஒமொச்சி ஷிமஷோ கா'. வினையின் முன்னால் 'ஒ', 'மாஸ்' இருந்த இடத்தில் 'ஷிமஷோ கா'. தெட்சுதைமாஸ் என்பது 'ஒதெட்சுதை ஷிமஷோ கா' ஆகும். 'அன்னை' (வழிகாட்டல்) போன்ற சீன வேர்ச்சொற்களுக்கு முன்னால் 'ஒ'வுக்குப் பதில் 'கொ' வரும்: 'கொஅன்னை ஷிமஷோ கா' (நான் அழைத்துப்போய்க் காட்டட்டுமா). பாடப்புத்தகத்தில் இந்தப் பணிவு வடிவம் வெகுதூரம் தள்ளி, மின்னாவில் 50-ஆம் பாடத்தில்தான் வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். நான்கைந்து வினைகளுக்கு மட்டும் இப்போதே கற்றுக்கொண்டால் அலுவலகத்தில் சமாளித்துவிடலாம். எல்லா வினைக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். இக்கிமாஸ் (போவது), மிமாஸ் (பார்ப்பது) போன்றவை இந்த அச்சில் வராது, அவற்றுக்குத் தனிப் பணிவுச் சொற்கள் இருக்கின்றன.

மேலதிகாரியிடம் கட்டாயம் தவிர்க்க வேண்டியது 'தெ அகெமஷோ கா'. 'ஒருவருக்காகச் செய்து கொடுப்பது' என்பதற்கு 'தெ அகெரு' என்று படித்ததும் 'மொத்தெ அகெமஷோ கா' என்றால் இன்னும் பணிவு என்று தோன்றும் (இங்கே 'த்தெ' உண்மையிலேயே இரட்டை, அழுத்திச் சொல்லுங்கள்). தமிழில் 'செய்து தரட்டுமா' கனிவாகத்தான் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் அது 'உனக்கு ஓர் உபகாரம் பண்ணுகிறேன்' என்று கணக்கெழுதிக் காட்டுவதுபோல் ஒலிக்கும். நண்பர், தம்பி தங்கை, குழந்தைகள் என்றால் தப்பில்லை. பெரியவரிடம் சொன்னால் உதவி செய்தும் கெட்ட பெயர்தான். 'அகெரு'வின் பணிவு வடிவமான 'சஷியகெரு'வைப் போட்டாலும் நேருக்கு நேர் சொல்லும்போது அந்த உறுத்தல் போவதில்லை. உபகாரத்தைச் சுட்டும் சொல்லே இல்லாத 'ஒமொச்சி ஷிமஷோ கா'தான் பாதுகாப்பு. அப்புறம், மேலதிகாரியை 'அனத்த' (நீங்கள்) என்று சுட்டாதீர்கள். பெயரோடு 'சான்', அல்லது பதவிப் பெயர், அல்லது எதுவுமே வேண்டாம். எதுவும் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலும் இயல்பு.

'உதவுவது' என்ற இடத்தில் தெட்சுதைமாஸ் மட்டுமே போடுங்கள். அகராதியில் பக்கத்திலேயே கிடக்கும் தசுக்கெமாஸ் ஆபத்திலிருந்து காப்பாற்றுவது. கோப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பவரிடம் போய் 'காப்பாற்றட்டுமா' என்று கேட்க வேண்டாம்.

கடைகளில் நீங்கள் 'மஷோ கா'வை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள், ஆனால் காதில் விழுவது வேறாக இருக்கும். கொன்பினி என்று சொல்லப்படும் 24 மணி நேரக் கடையில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்ததும் 'அத்தத்தமெமாஸ் கா' (சூடு பண்ணவா?) என்று கேட்பார்கள். அது கடையின் வாடிக்கையான சேவை. ஊழியர் தனிப்பட்ட அக்கறையில் முன்வருவதில்லை, ஆமாவா இல்லையா என்று தெரிந்தால் போதும், எனவே வெறும் 'மாஸ் கா'. 2020 ஜூலையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கட்டாயமானதிலிருந்து பை வேண்டுமா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இன்னொரு வகை. தாதி 'ஒகுசுரி, நொமிமஷோ கா' என்பார். மருந்து குடிக்கப்போவது நோயாளி மட்டுமே, ஆனாலும் 'நாம் குடிக்கலாமா' என்ற பொருளில் சொல்வார். நம் ஊர் நர்ஸம்மா 'மாத்திரை போட்டுக்கலாமா பாட்டி?' என்பது அப்படியே இதுதான். 2019 ஏப்ரலில் தொடங்கிய தொழில்திறன் விசாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைப்பவர்கள் இந்தத் தொனியைக் காதில் ஏற்றிக்கொள்வது நல்லது. அங்கே 'ஒக்கிமஷோ கா' (எழுந்துக்கலாமா) என்பதும் 'ஒதெட்சுதை ஷிமஷோ கா' என்பதும் நாள் முழுக்கப் புழங்கும்.

பதில் சொல்லும் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் உதவ வருவார்கள். ஏற்றுக்கொள்வதற்கு 'சுமிமசென், ஒனெகை ஷிமாஸ்' மிகவும் இயல்பு. சிரமம் கொடுக்கிறேன் என்ற பாவனையில் முதலில் ஒரு மன்னிப்பு. மறுப்பதற்கு 'தைஜோபு தெஸ். அரிகத்தோ கொஜைமாஸ்' (பரவாயில்லை, நன்றி). புத்தகத்தில் 'ஈயே, கெக்கோ தெஸ்' என்று இருக்கும். சரியானதுதான், ஆனால் கொஞ்சம் விறைப்பு. கதவைச் சாத்துவதுபோல் ஒலிக்கும். 'ஈ தெஸ்' மட்டும் சொல்லாதீர்கள். அது 'நல்லது, செய்யுங்கள்' என்றும் படும், 'வேண்டாம், போதும்' என்றும் படும். 'தைஜோபு'வும் சில சமயம் இப்படி இரண்டுங்கெட்டானாக நிற்கும் என்பதால், கையை லேசாக அசைத்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் கையசைவையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, என்-5 கேட்டல் பகுதியில் ஒரு படத்தைக் காட்டி, அம்புக்குறி போட்ட ஆள் என்ன சொல்வார் என்று கேட்கும் வகை உண்டு. மூன்று பதில்கள் காதில் மட்டுமே விழும். மாதிரிக்கு, ஒரு பாட்டி பெரிய பையோடு படியேறுகிறார், அம்புக்குறி பின்னால் வரும் இளைஞன்மேல். 'மொச்சிமஷோ கா', 'மொச்சிமசென் கா', 'மொத்தெ குதசை' (தூக்குங்கள்) என்று மூன்றும் ஓடுகின்றன. மூன்றிலும் வினை ஒன்றே, வால்தான் வேறு. எனவே பையைப் பார்த்ததும் 'மொச்சி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். படம் வந்தவுடன் அம்புக்குறி ஆளின் வாயில் தமிழிலேயே ஒரு வாக்கியம் வைத்துவிடுங்கள்: 'தூக்கட்டுமா பாட்டி?' அப்புறம் வாலை மட்டும் கேளுங்கள்.

நெருங்கிய நண்பர்களிடம் 'மஷோ கா'வைவிடச் சாதாரண வடிவம் வரும்: மொத்தோ கா, தெட்சுதஓ கா, அக்கெயோ கா. என்-5-இல் இதை நீங்கள் சொல்லத் தேவையில்லை, கேட்டால் புரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, தெருவில் பயன்படுவது. ஜப்பானிய ரயில் நிறுவனங்கள் 'கொஎக்கக்கெ சப்போத்தொ' என்ற இயக்கத்தை நடத்துகின்றன. பார்வையற்றவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் போன்றோர் தடுமாறினால் பயணிகளே குரல் கொடுத்து உதவச் சொல்வது. அப்படிப்பட்ட இடத்தில் பெயர் தெரியாத ஒருவரிடம் பேச 'நனிக்க ஒதெட்சுதை ஷிமஷோ கா' (ஏதாவது உதவட்டுமா) மிகப் பொருத்தம். கையைப் பிடித்து இழுக்காமல் முதலில் இதைச் சொல்லுங்கள். 'தைஜோபு தெஸ்' என்று வந்தால் ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்த வேண்டாம். தெரிந்தவர் என்றால் 'நனிக்க அத்தரா, இட்சுதெமொ இத்தெ குதசை' (ஏதாவது என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள்) என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.